‘அதுக்கு முன்னாடி?’ என்று கேட்ட அக்கா

டாக்டர், அந்த நர்ஸ் அக்காவை வேலையைவிட்டு அனுப்பியது நீங்கள்தான். அவராகவே நின்றுவிட்டார் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அது பொய்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு போடி பக்கத்துச் சிலமலையில் இருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கிறேன். அக்காவின் பெயரை இதில் எழுதப் போவதில்லை. இப்போது எங்கேயாவது ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். என்னால் அந்த வேலையும் போக வேண்டாம். உங்கள் பெயரையும் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு. கொண்டையில் பேனாவைச் செருகியிருப்பார். நோயாளி சொல்வதை இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே எழுதிக்கொள்வார். மதியத்துக்குள் எழுத்து முழங்கை வரைக்கும் ஏறிவிடும். அதை ஒரு நோட்டில் பார்த்து எழுதி முடித்த பிறகுதான் கை கழுவிச் சாப்பிட உட்காருவார். மலையில் எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். பெண் பிள்ளைகளை மலையாளத்தில் ‘மோளே’ என்று கூப்பிடுவார். சிரிக்க மாட்டார். யார் என்ன சொன்னாலும் முதல் பதிலை நம்பவும் மாட்டார். “அதுக்கு முன்னாடி?” என்று கேட்பார். அதற்கும் பதில் சொன்னால் மறுபடியும் “அதுக்கு முன்னாடி?”

ஒரு நாள் ஒரு ஜீப்பு டிரைவர் நெற்றி கிழிந்து ரத்தத்தோடு வந்தார். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

“படியில வழுக்கிட்டேன் சிஸ்டர்.”

“அதுக்கு முன்னாடி?”

“படி ஏறுனேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“வீட்டுக்கு வந்தேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“மாப்ள ஒருத்தன் வந்திருந்தான். சும்மா பேசிக்கிட்டு இருந்தோம்.”

“எத்தன கிளாசு பேசுனீங்க?”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “ஆத்தா, நீங்க நர்சா போலீசா? தையலப் போடுங்க தாயி” என்றார் டிரைவர். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “எத்தன கிளாசுன்னு தெரியாம ஊசி போட முடியாது. சொல்லுங்க” என்று பேனாவைக் கையில் வைத்தபடி நின்றார்.

அன்றைக்கு நானும் சிரித்தேன். என் மடியில் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

ஏழு வருடம் ஆகிறது. அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. காலையில் எழுந்திருக்கும்போதே வயிறு முறுக்குகிறது என்பாள். வாந்தி எடுப்பாள். எழுந்து நின்றால் தலை சுற்றும், சுவரைப் பிடித்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் பத்து மணி வரைக்கும் சோர்ந்து கிடப்பாள். மதியம் சரியாகிவிடும். சாயங்காலம் நான் மலையில் இருந்து இறங்கும்போது தெருவில் ஓடிக்கொண்டிருப்பாள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் படுப்பாள். மறுநாள் விடிந்தால் மறுபடியும் அதே வலி.

பூச்சி மாத்திரை கொடுத்தீர்கள். வாயுவுக்கு டானிக் கொடுத்தீர்கள். ஸ்கேன் எடுத்தீர்கள், ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் மூன்று நாள் பெட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றீர்கள். அந்த மூன்று நாளும் அவளுக்கு ஒரு வலியும் வரவில்லை. காலையில் இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வார்டில் எல்லோருடைய பெயரும் தெரிந்து வைத்திருந்தாள்.

நீங்கள் சிரித்தீர்கள். “ஏம்மா, ஸ்கூல்ல ஏதாவது பிரச்சனையா? பாப்பா நல்லா நடிக்குது. கொஞ்சம் கண்டிப்பா இருங்க” என்றீர்கள்.

அன்று மதியம் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கேள்வி ஆரம்பமானது. எத்தனை மணிக்கு வலிக்கிறது? அதுக்கு முன்னாடி என்ன செய்வாள்? தூங்குவாள். அதுக்கு முன்னாடி? சாப்பிடுவாள். என்ன சாப்பாடு, யார் ஆக்கியது, தண்ணி எங்கே பிடிக்கிறீர்கள்? எங்கே படுக்கிறாள்? பக்கத்தில் யார்? தூங்கும்போது எச்சில் ஒழுகுகிறதா, தலையணை நனைகிறதா?

“எந்தப் புள்ளைக்குத்தான் ஒழுகல?” என்றேன்.

அதையும் கையில் எழுதிக்கொண்டார். பிறகு, “வீட்ல சண்டை வருமா? நீ அடிப்பியா?” என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னக்கா, எம்புள்ளைக்கு நானே விஷம் வச்சுட்டேன்னு சொல்ல வர்றீங்களா?”

“அப்படிச் சொல்லல. இங்க வலிக்கல, வீட்ல வலிக்குது. ஒண்ணு புள்ள பொய் சொல்லணும், இல்ல வீட்ல என்னமோ இருக்கணும். புள்ள பொய் சொல்ற மாதிரி எனக்குத் தெரியல.”

“டாக்டரே சொல்லிட்டாரு. நீங்க உங்க சோலியப் பாருங்க.”

“இதுதான் என் சோலி” என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்த அமைதிதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

நீங்கள் கண்டிப்பாக இருக்கச் சொன்னீர்கள். இருந்தேன். இரண்டு நாள் கழித்துக் காலையில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபோது முதுகில் அடித்தேன். “நடிக்கிறியாடி? டாக்டரே கண்டுபிடிச்சுட்டாரு” என்றேன். அவள் அதன் பிறகு அழவில்லை. பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தெரு முழுக்க ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். சுவர் முடிந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். எனக்கு ஜீப்பு வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

அன்றைக்குப் பிரேயரில் நிற்கும்போதே விழுந்துவிட்டாள். டீச்சர் எனக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். தோட்டத்தில் டவர் கிடைக்காது. சூப்பர்வைசர் வழியாகத் தகவல் வந்தபோது மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. போடிமெட்டில் இருந்து இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் ‘வெரசா போங்கண்ணே, வெரசா’ என்று டிரைவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். போனால் மகள் உங்கள் ஆஸ்பத்திரியில் அதே கட்டிலில் படுத்திருந்தாள். கொஞ்சம் தெளிந்திருந்தாள். “அம்மா, என் தலகாணி வேணும். இங்க உள்ளது நாறுது” என்றாள். போன தடவையும் கேட்டாள், அப்போது நான் கொண்டுவரவில்லை. இந்தத் தடவை அவள் கேட்டதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அவள் அப்பா போய் எடுத்து வந்தார்.

மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரியிலேயே சுருண்டாள். வேர்த்துக் கொட்டியது. வாயோரம் எச்சில் வழிந்து தலையணை ஈரமாகியிருந்தது. நீங்கள் இன்னும் வந்திருக்கவில்லை. கத்திக்கொண்டே வராந்தாவுக்கு ஓடினேன். அக்கா அப்போதுதான் டூட்டிக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வந்தவுடன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். “கருமணி சுருங்கியே கெடக்கு. குண்டூசித் தல கணக்கா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உங்களைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அதற்குப் பிறகு பிள்ளையைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தார்.

“போன தடவ இதே கட்டில்ல மூணு நாள் இருந்தா. வலிக்கல. இப்ப வலிக்குது. போன தடவ இல்லாதது இப்ப என்ன இருக்கு?”

பிளாஸ்கை எடுத்து முகர்ந்தார். தட்டை முகர்ந்தார். போர்வையை முகர்ந்து கீழே போட்டார். தலையணைப் பக்கம் குனிந்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடியும் குனிந்தார். பிறகு பிள்ளையின் தலைக்கு அடியில் இருந்து அதை ஒரே இழுப்பாக உருவினார். அவள் தலை மெத்தையில் இடித்தது.

“இது எது?”

“அவ தலகாணிதாங்க்கா. நான்தான் தச்சேன்.”

“கத்திரி கொண்டா. கையுறையும் கொண்டா. வெரசா!”

போடியில் இலவம்பஞ்சுக்குக் குறைவில்லை. ஆனால் சாதாரணத் துணியில் அடைத்தால் பஞ்சு இழையிழையாக வெளியே வரும். என் மகளுக்கு அது மூக்கில் ஏறி விடிய விடியத் தும்மல். அதனால் இழை நெருக்கமான ஒரு வெள்ளைச் சாக்கைப் பிரித்து, மூன்று தடவை சோப்புப் போட்டு அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, அதில் பஞ்சை அடைத்து, மேலே பூப்போட்ட உறை போட்டுக் கொடுத்தேன். தும்மல் நின்றது. நல்ல அம்மா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா உறையைக் கிழித்து, சாக்கை அறுத்தார். வார்டு முழுக்கப் பஞ்சு பறந்தது. சாக்கின் உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். சிவப்பு அச்சில் மண்டையோட்டுப் படம் இருந்தது. ஏலச்செடித் தூரில் போடும் குருணைப் பூச்சிமருந்து வந்த சாக்கு அது.

“படம் வெளியிலதான இருக்கும்? எப்படி உள்ள போச்சு?”

“புள்ள பயப்படும்னு திருப்பித் தச்சேங்க்கா.”

சொல்லும்போதுதான் எனக்கு விளங்கியது. படத்தை உள்ளே திருப்பினேன். அப்படியானால் அலசியும் போகாத மருந்து பட்டுக் கிடந்த பக்கம் வெளியே வந்தது. ஒவ்வொரு ராத்திரியும் என் மகள் அதில்தான் கன்னத்தை வைத்துத் தூங்கினாள். எச்சில் ஒழுகி ஒழுகி அதை ஈரமாக்கிக்கொண்டே தூங்கினாள். மோந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் துணி, தலைமுடி, சோற்றுச் சட்டி எல்லாவற்றிலும் ஏலக்காய் வாசம்தான். வேறு எதுவும் எங்கள் மூக்குக்கு எட்டாது.

அக்கா என்னைத் திட்டவில்லை. என் போனை வாங்கிச் சாக்கைப் படம் எடுத்துக்கொடுத்தார். சாக்கை இரண்டு கவரில் போட்டுக் கட்டினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவரே மூன்று தடவை தலைக்குச் சோப்புப் போட்டு ஊற்றினார். ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“சாக்கு எங்கேருந்து வந்துச்சு?”

“வீட்ல இருந்துச்சு.”

“அதுக்கு முன்னாடி?”

“எஸ்டேட்ல குடுத்தாங்க.”

“யாரு?”

“சூப்பர்வைசர். முதலாளி குடுக்கச் சொன்னாருன்னு சொல்லி, மருந்து போட்டு முடிஞ்சதும் வரிசையில நிக்க வச்சு ஆளுக்கு ஒண்ணு குடுப்பாரு. நல்ல உழைக்கும்க்கா. நான் ரெண்டு கேட்டேன்.”

“வேற யாரெல்லாம் வாங்குனா?”

அந்தக் கேள்வியை நான் யோசித்தே பார்க்கவில்லை. எங்கள் ஜீப்பில் வரும் பெண்கள் எல்லோரும்தான் வாங்கினோம்.

உங்களுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் டாக்டர். நீங்கள் ஓடி வந்தீர்கள். சாக்கைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறியது. சரியான ஊசியைப் போட்டீர்கள். ரத்தத்தை மதுரைக்கு அனுப்பினீர்கள். வந்த ரிசல்ட்டும் பூச்சிமருந்து விஷம் என்றே சொன்னது. என் மகள் பிழைத்தாள். அதை நான் மறக்கவில்லை.

ஆனால் நீங்கள் ஊசி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா என்னைப் பெயர் பெயராகச் சொல்லச் சொல்லிக் கையில் எழுதினார். இருவரும் மாறி மாறிப் போன் அடித்தோம். ஒருத்தி சாக்கில் மிளகாய் காயப்போட்டிருந்தாள். ஒருத்தி குளிக்கிற மறைப்புக்குக் கட்டியிருந்தாள். தூக்கிப் போடு, சோப்புப் போட்டுக் கை கழுவு என்று ஒவ்வொருத்தியிடமும் கத்தினோம். ஒருத்தி மட்டும் போனை எடுக்கவில்லை. எங்கள் தெருக்காரி, பிள்ளை பெற்று மூன்று மாதம்.

“அவ எதுக்கு வச்சிருப்பா?” என்று அக்கா கேட்டார்.

“தொட்டில்ல போட்டிருக்காக்கா. மூத்திரம் கீழ எறங்காம இருக்கும்னு.”

மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். அக்கா யூனிபார்மோடு வந்தார். ஆட்டோவில் போகும்போதும் அவள் நம்பருக்கே அடித்துக்கொண்டிருந்தோம். வீடு திறந்து கிடந்தது. சேலைத் தொட்டில் ஆடாமல் தொங்கியது. அக்கா கையை விட்டுப் பிள்ளையைத் தூக்கி, இமையை விரித்து டார்ச் அடித்தார். பிள்ளை வீல் என்று அலறியது.

“அழுவட்டும்” என்றார். “நல்லா அழுவட்டும்.”

தண்ணீர்க் குடத்தோடு வந்த தெருக்காரி குடத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். “யாருடி நீ? எம்புள்ளைய என்னடி பண்ற?”

“தூக்கிக்க. கண்ணு நல்லா இருக்கு. தொட்டில்ல உள்ள சாக்கத் தூரப் போடு. சட்டையக் கழட்டிக் குளிப்பாட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து ஒரு தடவ காட்டிரு” என்று பிள்ளையைக் கொடுத்துவிட்டு அக்கா சுவரோரம் உட்கார்ந்தார். டார்ச்சை அணைக்கக்கூட மறந்து, எழுத்து நிறைந்த அந்தக் கையில் பிடித்தபடியே இருந்தார். அவர் பயப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இனி நீங்கள் மறைத்த பகுதி.

மறுநாள் பிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். உங்கள் ரூம் திரைக்கு வெளியே நின்றேன். உங்கள் குரல் கேட்டது. “எஸ்டேட்டு, சாக்கு, சூப்பர்வைசர்னு எல்லாம் எதுக்கு எழுதி வச்சிருக்க? ‘வீட்டில் தவறுதலாக மருந்து பட்டது, தாயின் கவனக்குறைவு’. அவ்வளவு போதும்.”

“வீட்டுக்கு அது எப்படி வந்துச்சு சார்?”

“அது நமக்கு எதுக்கு?”

“அதுக்கு முன்னாடி உள்ளத எழுதலன்னா நாளைக்கு இன்னொரு புள்ள வரும் சார்.”

“நீ நர்ஸா மட்டும் இரு.”

“நர்ஸாத்தான் சார் இருக்கேன்.”

உங்கள் ஆஸ்பத்திரி வண்டியின் பக்கவாட்டில் அந்த முதலாளியின் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது. வண்டி அவர் கொடுத்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரத்தில் அக்காவின் இடத்தில் வேறு பெண் நின்றாள். டிஸ்சார்ஜ் சீட்டில் நீங்கள் சொன்ன வரிதான் இருந்தது. தாயின் கவனக்குறைவு.

கடைசியாக அவரைப் போடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மலைக்குப் போகும் பஸ்சில் ஏற ஒரு பையோடு நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தக் கையில் ஒரு எழுத்துகூட இல்லை.

“மோளு காலைல சாப்பிட்டாளா?” என்றார்.

“சாப்பிட்டாக்கா.”

“அதுக்கு முன்னாடி?”

“நல்லாத் தூங்குனா.”

“எதுல தல வச்சு?”

“என் கையில.”

அக்கா சிரித்தார். பல் வரிசை அழகாக இருந்தது. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

இவ்வளவு வருடம் பேசாமல்தான் இருந்தேன். தோட்டத்து வேலை போய்விடும் என்ற பயம். இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் இலவச முகாம் போட்டீர்கள். பக்கத்து நாற்காலியில் முதலாளி மாலையோடு உட்கார்ந்திருந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: “மருந்துச் சாக்கு, டப்பாவை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புழங்குகிறீர்கள். பிள்ளைகளுக்கு வரும் பாதி வியாதி தாய்மார்களின் கவனக்குறைவு.” முதலாளி தலையாட்டினார். எங்கள் ஆட்களே கைதட்டினார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. மருந்து போட்டு முடிந்தது. சூப்பர்வைசர் எங்களை வரிசையில் நிற்கச் சொல்லி ஆளுக்கு ஒரு சாக்கு கொடுத்தார். புதிதாக வந்த பெண்கள் மூன்று பேர் முண்டியடித்து வாங்கினார்கள். நான் சொன்னதும் ஒருத்தி கீழே போட்டாள். மற்ற இருவரும் “போக்கா, அலசிட்டாப் போகுது” என்று சிரித்துவிட்டுச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்கள். ஒருத்திக்கு நான்கு வயதில் பிள்ளை இருக்கிறது.

அடுத்த மாதமும் முகாம் இருக்கிறது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். பத்தாவது படிக்கும் என் மகளோடு முன்வரிசையில் வந்து உட்காருவேன். சாக்கின் படம் என் போனில் இருக்கிறது. உங்கள் ரூமுக்குள் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். அதே மைக்கில், அதே முதலாளி பக்கத்தில் இருக்கும்போது, நடந்ததை எல்லாம் ஊர் கேட்கும்படி சொல்லுங்கள்.

அந்தச் சாக்கைத் தைத்தது நான். திருப்பித் தைத்ததும் நான். வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையை அடித்ததும் நான். என் கவனக்குறைவை நானே எழுந்து நின்று ஒத்துக்கொள்கிறேன்.

அதுக்கு முன்னாடி?

மைக்கைப் பிடியுங்கள் டாக்டர். பதில் சொல்லுங்கள்.